உரிய துறையில் முன்னிலையாகவும்

என்னை நீதிமானாக்கியது ஒரு தராசு. அதற்கு முன்பு வெகுகாலம் நான் அளவை நிறுவைப் பரிசோதகனாக இருந்தேன். சந்தை சந்தையாகப் போய், மீன்காரரின் படிக்கல்லை நிறுத்துப் பார்த்து, தட்டின் அடியில் காந்தம் ஒட்டியவனிடம் திட்டு வாங்குவது என் தொழில். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சண்டை முற்றி, சந்தைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நிறுக்க ஒன்றுமில்லாத உத்தியோகத்தனாக ஆனேன். அரசாங்கத்தில் சும்மா இருப்பது குற்றமல்ல, சும்மா இருப்பது வெளியே தெரிவதுதான் குற்றம். தெரிந்துவிட்டது. களுவாஞ்சிக்குடியில் இருந்த வாவிக்கரை ஈடுதவித் திணைக்களத்துக்கு, மேன்முறையீட்டு விசாரணை அலுவலராக என்னை மாற்றினார்கள்.

செல் குண்டு விழுந்து கை கால் போனவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள், இவர்களுக்கு மாதாமாதம் உதவி கொடுப்பதற்காக உண்டான இடம் அது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது என் வேலை.

"சேர், எனக்குச் சட்டம் ஒண்டும் தெரியாது" என்றேன், பணிப்பாளர் வினாயகமூர்த்தியிடம்.

"நீதியின் சின்னம் எது, நல்லரத்தினம் அவர்களே?"

"தராசு, சேர்."

"தராசோடு உங்களுக்கு எவ்வளவு காலப் பழக்கம்? அது போதும். சட்டம் தெரிந்தவர் வந்தால் சட்டத்தைப் புரட்டிக்கொண்டு இருப்பார். வேலை நகராது."

பிறகு அவர் எனக்குப் பயிற்சியும் அளித்தார். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் பயிற்சி முடிந்தது. "மேன்முறையீடு மக்களின் உரிமை. அந்த உரிமையை நாம் உயிராக மதிக்கிறோம். அதனால்தான் முதல் தடவையில் எல்லாரையும் நிராகரித்துவிடுகிறோம். நிராகரிக்காவிட்டால் அந்த உரிமையை அவர்கள் எப்படி அனுபவிப்பது?" என்றார். நான் தலையாட்டினேன். மீன்காரர் கூட இவ்வளவு நேர்த்தியாக எனக்குக் காந்தம் ஒட்டியதில்லை.

வினாயகமூர்த்தி நம்முடைய ஊர்ப்பக்கத்து மனுஷன்தான். ஆனால் மூன்று மாதப் பயிற்சிக்குச் சென்னைக்குப் போய்வந்தவர். உடம்பு திரும்பி வந்தது, நாக்கு அங்கேயே தங்கிவிட்டது. வந்த கிழமையே ஊழியர் கூட்டம் வைத்தார்.

"திணைக்களம் என்ற சொல்லை இன்றோடு கைவிடுகிறோம். களம் என்றால் போர்க்களம். நம்மிடம் போர் எங்கே இருக்கிறது?"

அந்த நேரம் பார்த்து வாவிக்கு அப்பால் எங்கேயோ செல் விழுந்தது. யன்னல் கண்ணாடிகள் நடுங்கி அடங்கும்வரை அவர் பொறுமையாக இருந்துவிட்டுத் தொடர்ந்தார். "தமிழகத்தில் அழகாகத் துறை என்கிறார்கள். நாமும் இனித் துறை. அலுவலகத்தைக் கந்தோர் என்றும் யாரும் சொல்லக்கூடாது. அது ஒல்லாந்தன் சொல். அவன் போய் இருநூறு வருடமாகிறது, அவன் சொல்லுக்கு மட்டும் இங்கே ஏன் இன்னும் கதிரை?"

"சேர், கதிரை போத்துக்கீசச் சொல்லு" என்றாள் தட்டெழுத்தாளர் மங்கையற்கரசி, மெதுவாக.

அடுத்த நாளிலிருந்து நாங்கள் எல்லாரும் இருக்கையில் உட்கார்ந்தோம். பலகை மாறியது, முத்திரை மாறியது, மேன்முறையீட்டாளருக்குப் போகும் கடிதமும் மாறியது. அதை அவரே இயற்றினார்: "குறித்த நாளில் உரிய துறையில் முன்னிலையாகவும். முன்னிலையாகத் தவறும் தரப்பு தோற்றதாகக் கருதப்படும்."

விசாரணை நாட்களில் நான் நீதிமானுக்குரிய ஆயத்தங்களோடு காத்திருந்தேன். மேசையில் பச்சை விரிப்பு, ஒரு மணி, மூடிய கிளாஸில் தண்ணீர். சிற்றூழியர் விறாந்தையில் நின்று பெயரை மூன்று முறை கூவுவார். வீதியில் நிற்கும் ஆடுகள் திரும்பிப் பார்க்கும். ஒருவரும் வரமாட்டார்கள். "முன்னிலையாகவில்லை, தள்ளுபடி" என்று எழுதி மணியை அடிப்பேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்து, அந்தத் தண்ணீரையும் நானே குடித்துவிடுவேன்.

இப்படியே மாதங்கள் போயின. எல்லா மேன்முறையீடும் தள்ளுபடி. கொழும்புக்கு அறிக்கை போயிற்று, அங்கிருந்து பாராட்டு வந்தது. பணிப்பாளருக்கு நாங்களே மாலை போட்டோம். அவர் மாலையைக் கழற்றாமலே பேசினார். "நாட்டின் வேறு எந்தப் பகுதியிலும் இல்லாத சாதனை இது. குறை இருந்தால் மக்கள் வந்து சொல்லியிருப்பார்கள். வரவில்லை. ஆகவே குறை இல்லை. குறையில்லாத மக்களுக்கு நாம் இவ்வளவு அக்கறையோடு சேவை செய்கிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கே நெஞ்சு நெகிழ்கிறது."

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. எதை வைத்தாலும் பூச்சியம் காட்டுகிற தராசை நான் என் காலத்தில் கண்டிருக்கிறேன். அப்போது மீன் பாரமில்லாதது என்று யாரும் எழுதுவதில்லை.

பிறகு ஒருநாள், விசாரணை இல்லாத நாளில், சீதேவிப்பிள்ளை வந்தாள். வாவிக்கு அந்தக் கரையான படுவான்கரையைச் சேர்ந்தவள். நாற்பது வயதிருக்கும். வலக்கை மணிக்கட்டுக்கு மேலோடு முடிந்திருந்தது. இடக்கையில் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு ஒன்றை நசுங்கப் பிடித்திருந்தாள்.

"இஞ்ச விசாரிக்கிற ஐயா ஆரு?"

"நான்தான்."

"நீங்க ஏன் வரல்ல?"

"எங்க?"

"துறைக்கு. வரச் சொல்லிக் கடுதாசி போட்டது நீங்க. நான் வெள்ளெண வந்து பொழுது சாயுமட்டும் குந்தியிருந்தன். வராம விட்டது நீங்க. மறுகா நான் வரல்லயெண்டு எப்பிடி எண்ட பேரை வெட்டுவீங்க?"

சில கணம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கைவைத்துக்கொண்டேன். எங்கள் வாவிக்கரையில் துறை என்றால் ஒன்றே ஒன்றுதான், தோணி கட்டுகிற இடம். படுவான்கரை இயக்கத்தின் கையில் இருந்தது, இந்தக் கரை ஆமியின் கையில். நடுவே குருமண்வெளித் துறை. அக்கரையிலிருந்து வருபவர்கள் துறையிலுள்ள சோதனைச்சாவடியைத் தாண்ட, எங்கே போகிறார்கள் என்பதற்குக் கடிதம் காட்ட வேண்டும்.

"கடுதாசியக் காட்டினனே" என்றாள் சீதேவிப்பிள்ளை. "ஆமிக்காரனோட நிக்கிற பொடியன் வாசிச்சுப்போட்டு, துறையெண்டுதான் போட்டிருக்கு, இதான் துறை, இதுக்கு அங்கால போக ஏலாது, இஞ்சயே இரி எண்டான். என்னோட இன்னும் கனபேர் இருந்தாங்க. இண்டைக்குக் கிளினிக் துண்டு இருந்தபடியா ஊருக்குள்ள விட்டான்."

கோப்பைத் தேடி எடுத்தேன். கை இழந்தோர் உதவிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நிராகரித்த காரணம் பணிப்பாளரின் கையெழுத்தில் இருந்தது: "வலக்கைப் பெருவிரல் அடையாளம் இடப்படவில்லை." நான் அதை வாசித்துக் காட்டினேன்.

"வேளாண்மை வெட்டக்குள்ள வட்டையில செல் விழுந்திச்சு" என்றாள் அவள். "கை அந்த வயலுக்குள்ளதான் கிடக்கு. பெருவிரல் வேணுமெண்டா உங்கட பெரியவரப் போய்த் தேடி ஒத்திக்கிட்டு வரச் சொல்லுங்க. எனக்குப் பிச்சை வேணாம் ஐயா. கத்தி பிடிச்ச கை. அது இருந்தா உங்கட வாசலுக்கு நான் ஏன் வாறன்?"

அவளை உட்காரவைத்துவிட்டு நான் பணிப்பாளரிடம் ஓடினேன். எல்லாரும் கடிதத்தில் சொன்னபடியே வந்திருக்கிறார்கள், இடம்தான் மாறிப்போயிற்று, துறையை எடுத்துவிட்டுக் கந்தோர் என்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

"ஒரு கைக்காக ஒரு மொழியை மாற்ற முடியாது, நல்லரத்தினம் அவர்களே" என்றார் அவர். "குற்றம் நம் தமிழில் இல்லை. மக்களுக்குத் தமிழ் தெரியவில்லை. இந்தக் கடிதத்தைப் பாருங்கள். பாதை ஓடவில்லை, அதனால் வர முடியவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். பாதை எப்படி ஐயா ஓடும்?"

இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஆளையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் இங்கே பாதை என்பார்கள் என்று சொன்னேன். அவர் அதற்கு முன்பே கடிதத்தின் ஓரத்தில் பதில் எழுதிவிட்டிருந்தார்: "ஒரு பாதை பழுதெனில் மாற்றுப் பாதையில் வரவும்."

ஆனாலும் என் முறைப்பாடு வீண்போகவில்லை. மக்களுக்குத் தமிழ் கற்பிக்க அவர் ஒரு கையேடு எழுதினார். முன்பக்கத்தில் அவருடைய படம். உள்ளே சொற்களும் பொருளும். துறை என்பது அலுவல் கருதி மக்கள் வந்து சேரும் இடம். பாதை என்பது அசையாதது. வலக்கை என்பது உண்ணும் கை. இந்தக் கடைசிச் சொல் எதற்கு என்று கேட்டேன். "சிலர் இடக்கையை நீட்டி வலக்கை என்று நம்மை ஏமாற்றப் பார்க்கலாம்" என்றார். கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: "இக்கையேட்டின் பொருளே இறுதியானது. இதற்கு மேல் விளக்கம் இல்லை." கொழும்பில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. படம் நன்றாக இருந்ததால் மிகவும் மெச்சி, மற்ற மாவட்டங்களுக்கும் அனுப்பினார்கள்.

அந்த மகிழ்ச்சியில் அவர் தள்ளுபடியான எல்லாருக்கும் இன்னொரு நாள் கொடுத்தார். கடிதம் அதே கடிதம். மயக்கம் வரக்கூடாதென்று துறைக்கு முன்னால் "நிருவாக" என்று மட்டும் மையால் சேர்த்தார். "இதுவே கடைசித் தவணை. இதற்கும் வராதவரின் கோப்பு மூடப்படும். பிறகு அவர் செத்தாலும் திறக்க முடியாது" என்றார். சீதேவிப்பிள்ளை அன்று வராவிட்டால் அவளுக்கு இனி ஒன்றும் கிடையாது. வருவாள் என்பது எனக்குத் தெரியும். எங்கே வருவாள் என்பதும் தெரியும்.

குறித்த நாள் காலை. பச்சை விரிப்பு, மணி, தண்ணீர், எல்லாம் ஆயத்தம். கிளாஸைப் பார்த்தேன். இத்தனை பேர் வெயிலில் காய, அவர்கள் பெயரை ஆடுகளுக்குக் கூவி, அவர்கள் பங்குத் தண்ணீரையும் குடித்தவன் நான். எனக்கு வந்த கோபத்தில் மணியையும் முத்திரையையும் கோப்புகளையும் ஒரு உரப்பையில் போட்டு சைக்கிளில் கட்டினேன்.

"எங்க அண்ணன் போறீங்க?" என்று கேட்டாள் மங்கையற்கரசி.

"துறைக்கு."

அவள் எழுந்தாள். "தீர்ப்ப எழுத ஆள் வேணுமே" என்று சொல்லி, தட்டெழுத்துப் பொறியைத் தூக்கித் தன் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினாள்.

குருமண்வெளித் துறையில் வாகை மரத்தின் கீழ் சனம் நிறைந்திருந்தது. எல்லார் கையிலும் எங்கள் கடிதம். பாதை ஓட்டும் இளையதம்பி என்னைக் கண்டதும் வந்தார். "நல்ல வேளை வந்தீங்க ஐயா. நிருவாகத்துறை எங்கயெண்டு எல்லாரும் என்னைக் கேட்டு உசிரை எடுக்காங்க. மண்முனை கிடக்கு, அம்பிளாந்துறை கிடக்கு. இப்பிடியொரு துறை இந்த வாவியில இல்லயெண்டு சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு."

"இதுதான் அது" என்றேன்.

ஆமிக்காரர் வந்து உரப்பையைக் கிளறினார். மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். கூட நின்ற பொடியன் என் அடையாள அட்டையை வாசித்துச் சொன்னதும், அங்கே நட்டிருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தார். பலகையிலும் துறை, அட்டையிலும் துறை. சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார். எங்கள் சொல்லாட்சி பொருந்திப்போன ஒரே அரச நிறுவனம் இலங்கை இராணுவம்தான்.

மீன்பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கினோம். முதலில் ஹவ்வா உம்மா. ஓட்டமாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். அவர் எந்த வாவியையும் கடக்க வேண்டியதில்லை. களுவாஞ்சிக்குடியில் இறங்கி, துறை எங்கே என்று கேட்டிருக்கிறார். கேட்ட எல்லாரும் மிகச் சரியாக வழி காட்டியிருக்கிறார்கள். புருஷனின் மரணச் சான்றிதழில் ஹமீட் என்றும், விண்ணப்பத்தில் அப்துல் ஹமீட் என்றும் இருந்ததால் அவருடையது நிராகரிக்கப்பட்டிருந்தது. ஹமீட் இறந்தது உண்மை, அப்துல் ஹமீட் இறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பணிப்பாளர் எழுதியிருந்தார்.

"அப்ப அவரு உசிரோட இரிக்காரா மகன்?" என்றார் ஹவ்வா உம்மா. "எங்க வெச்சிருக்கீங்கெண்டு சொல்லுங்க, வந்து கூட்டிட்டுப் போறன். இல்லாட்டி நீங்களே அனுப்பி வையுங்க. கூரை ஒழுகுது, ஏறி மேய ஆளில்ல."

மங்கையற்கரசி அதை ஒரு சொல் விடாமல் தட்டெழுதினாள்.

அடுத்தது சீதேவிப்பிள்ளை. அவள் மரத்தடியில் இருந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இடக்கையால். பக்கத்தில் இருந்த ஒருவர் முகத்தைச் சுளித்து வேறு பக்கம் திரும்பினார். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"என்ன பாக்கிறீங்க? இப்ப எனக்கு இதான் சோத்துக்கை" என்றாள். "அருவருப்பெண்டா அங்கால திரும்பியே இருங்க. நான் தின்னாம இருக்கப்போறதில்ல."

அந்தக் கையோடு எழுந்து என் முன்னால் வந்தாள். நான் மணியை அடித்தேன். அவள் பெயரைச் சொன்னேன். இருக்கிறன் என்றாள். மேன்முறையீட்டாளர் துறையில் முன்னிலையானார் என்று பதிவு செய்தோம்.

"இனி மற்றத் தரப்பைக் கூப்பிடுங்க" என்றேன் இளையதம்பியிடம்.

வாவியின் இரண்டு கரைக்கும் கேட்கக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு. தண்ணீரைப் பார்த்து நின்று, "வாவிக்கரை ஈடுதவித் துறை" என்று மூன்று முறை கூவினார். அக்கரையில் யாரோ பதிலுக்குக் கூவினார்கள். நீர்க்காகம் ஒன்று கம்பிலிருந்து எழும்பிப் போயிற்று. வேறு ஒருவரும் வரவில்லை.

நான் தீர்ப்புச் சொன்னேன். துறையில் முன்னிலையாகும்படி துறையே கடிதம் எழுதியது. மக்கள் வந்தார்கள். துறை வரவில்லை. முன்னிலையாகத் தவறும் தரப்பு தோற்றதாகக் கருதப்படும். வந்திருந்த அத்தனை பேருடைய மேன்முறையீடும் அனுமதிக்கப்படுகிறது.

"ஐயா, பெருவிரல்?" என்று நினைவூட்டினாள் சீதேவிப்பிள்ளை. பகிடியாகக் கேட்கிறாளா கோபத்தில் கேட்கிறாளா என்று முகத்தில் தெரியவில்லை.

நான் கையேட்டை எடுத்து உரக்க வாசித்தேன். வலக்கை என்பது உண்ணும் கை. இதற்கு மேல் விளக்கம் இல்லை. "நீங்க எந்தக் கையால சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். முகம் சுளித்த மனுஷன்தான் முந்திக்கொண்டு, "அந்தக் கையாலதான் ஐயா, நான் கண்ணால கண்டன்" என்று சாட்சி சொன்னார். அவள் மையில் தொட்டு, வலக்கைப் பெருவிரல் என்று அச்சடித்த கட்டத்துக்குள் அழுத்தி ஒற்றினாள். கையில் ஒட்டியிருந்த சோற்றுப்பருக்கையும் சேர்ந்து கடதாசியில் பதிந்தது. அதை நான் துடைக்கவில்லை.

மறுநாள் பணிப்பாளர் என்னை இருக்கையில் உட்காரச் சொல்லவில்லை.

"துறை எப்படி ஐயா துறைக்கு வரும்?" என்று கேட்டார். "இந்தத் துறை என்பது யார்? நான். நான்தான் துறை."

"அப்ப நீங்க ஏன் சேர் வரல்ல?" என்றேன்.

அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. ஆனாலும் அதைக் கேட்டபோது எனக்கு நல்ல சுகமாக இருந்தது. அவர் தீர்ப்பை நான்கு முறை புரட்டினார். தள்ளுபடி செய்ய வேண்டுமானால் துறை என்பதற்கும் வலக்கை என்பதற்கும் கையேட்டில் உள்ள பொருள் பிழை என்று கொழும்புக்கு எழுத வேண்டும். படத்தையும் திருப்பி எடுக்க வேண்டும். அதைவிட ஏழை எளியவருக்கு உதவுவது மேல் என்ற முடிவுக்கு அவர் வந்து சேர இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொன்றிலும் கையொப்பம் வைத்தார். சீதேவிப்பிள்ளையின் கடதாசியில் பருக்கை ஒட்டியிருந்த இடத்தில் பேனை கொஞ்சம் இடறியது.

எனக்குத் தண்டனையும் உடனே வந்தது. அளவை நிறுவைப் பகுதிக்கே என்னைத் துரத்துவதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். "எந்தத் துறையெண்டு போடட்டா சேர்?" என்று மங்கையற்கரசி கேட்டாளாம். "உரிய துறை என்றால் போதும், அவருக்குத் தெரியும்" என்றாராம். அவள் சொன்னபடியே தட்டெழுதிக் கொண்டுவந்து தந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "நல்லரத்தினம் அவர்கள் இவ்வலுவலகத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார். வரும் திங்கட்கிழமை முதல் உரிய துறையில் தம் கடமையைத் தொடரவும்." முத்திரையைத் திருப்பிக் கேட்க அவர் மறந்துபோனார்.

திங்கட்கிழமை காலை குடையையும் மணியையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போனேன். முதல் பாதை கரைதட்டியது. சீதேவிப்பிள்ளை இறங்கினாள். அவளுக்குப் பின்னால் காலில்லாதவர், கண்ணில்லாதவர், படுவான்கரையில் இதுவரை விண்ணப்பிக்கவே துணியாதவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"இண்டைக்கு நேரத்தோட வந்திட்டீங்க" என்றாள் அவள். இடக்கையால் மீன்பெட்டியை இழுத்து வாகை மரத்தின் கீழ் கவிழ்த்தாள். "இருங்க ஐயா. கனபேர் வந்திருக்காங்க."

நான் உட்கார்ந்து மணியை அடித்தேன்.